குடை விரித்துவிட்ட லெதர் பவளத்தை வெட்டிப் பதியம் போடுவது எப்படி

கடையில் டோட்ஸ்டூல் லெதர் என்று சொல்லிக் கொடுத்த பவளத்தை நான் வாங்கியபோது அது ஒரு வெள்ளிக் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூன்று ஆண்டு கழித்து அளந்தால் அதன் காளான்போன்ற குடையின் குறுக்களவு 32 செ.மீ. சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியே மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம்தான். குடையின் நிழலில் மாட்டிக்கொண்ட ஹாமர் என்ற கல் பவளம் ஒரு பக்கமாக வெளிறிப் போயிருந்தது. தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரின் ஓட்டம் குடையில் மோதித் திரும்பியதால் மணலில் ஒரு மூலையில் குப்பை சேர்ந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, தொட்டிக்குள்ள அப்பளம் பொரிச்சு வச்சிருக்கீங்க?" என்றார். சரி, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று பிளேடை எடுத்தேன்.

அந்த முதல் வெட்டை நன்றாகவே சொதப்பினேன். தொட்டிக்குள்ளேயே வைத்து அறுத்தேன். தண்ணீரிலுள்ள ரசாயனத்தை உறிஞ்சும் கார்பன் போடவில்லை. துண்டுகளைச் சூப்பர் குளூ வைத்துக் கல்லில் ஒட்டினேன். மறுநாள் காலையில் ஒட்டிய ஏழு துண்டும் தண்ணீர் வழிந்து இறங்கும் சல்லடைப் பக்கம் மிதந்துகொண்டிருந்தன. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் நுரை பொங்கித் தரையெல்லாம் ஈரம். ஹாமர் தன் கைகளை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு நான்கு நாள் வெளியே வரவில்லை. லெதரை வெட்டுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முந்தைய ஒரு வாரமும் பிந்தைய மூன்று வாரமும்தான் உண்மையான வேலை என்று அப்போதுதான் புரிந்தது. புதிதாக மரைன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக அந்த நான்கு வாரத்தையும் வரிசையாகச் சொல்கிறேன்.

இது எப்படிப்பட்ட பிராணி

அறிவியல் பெயர் சார்க்கோஃபைட்டான். பெயரின் பொருளே கிரேக்கத்தில் சதைச்செடி என்பதுதான். கல் பவளங்களைப்போல் இதற்குக் கெட்டியான எலும்புக்கூடு கிடையாது. சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முள்கள் கோடிக்கணக்கில் கிடக்கும்; அவைதான் இதை நிமிர்த்தி வைக்கின்றன. குடையின் மேல்பக்கத்தில் மட்டும் பாலிப்புகள், அதாவது பூப்போல விரியும் குட்டி உயிர்கள். ஒவ்வொன்றிலும் எட்டு விரல்கள். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் பறவை இறகுபோல் பிசிறு தெரியும். வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாசி உடலுக்குள்ளேயே குடியிருப்பதால் தனியாகத் தீனி போட வேண்டியதில்லை. இந்தோ-பசிபிக் கடல்களில் பரவலாக இருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

தோட்டக்காரர்களுக்கு முருங்கைப் போத்து தெரியும். ஒடித்து நட்டால் நட்ட இடத்தில் துளிர்க்கும், ஒடித்த மரத்திலும் துளிர்க்கும். லெதரும் அதே ரகம். குடையை வெட்டினால் தண்டின் மேல் புதுக் குடை வரும், வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் தனிப் பவளமாகும். அதனால் வெட்டினால் செத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது அது தண்ணீரில் விடும் சாற்றுக்கு. பக்கத்து வீட்டுக்காரனை விரட்ட லெதரிடம் கொட்டும் விரல்கள் பெரிதாக இல்லை, ரசாயனம்தான் ஆயுதம். டெர்ப்பீன் வகைச் சேர்மங்கள். அவற்றில் ஒன்றான சார்க்கோஃபைனை 1974-இலேயே செங்கடல் லெதரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட மென்பவளங்கள் பக்கத்தில் இருக்கும் கல் பவளங்களைத் தொடாமலேயே வாட்டுகின்றன என்பதை 1980-களில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஆய்வு செய்து காட்டினார்கள். கடலில் அந்தச் சாறு கரைந்து போய்விடும். 200 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? பிளேடு பட்ட நொடியில் ஒட்டுமொத்தமாக வெளியே வரும். என் ஹாமர் நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டது அதனால்தான்.

இன்னொன்று. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு பொத்தான்போல் கூட்டமாக வளரும் சோவந்திட், பாலிதோவா வகைப் பிராணிகளில் பிளேடு வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யப் போய், ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அது வேறு பாடம்.

இப்போது வெட்டலாமா?

பாலிப்புகள் தினமும் முழுதாக விரிகின்றனவா என்று ஒரு வாரம் பாருங்கள். விரிந்தால் வெட்டலாம். குடை சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளவென்று ஒரு படலம் இருந்தால் அது தோல் உரிக்கிறது. சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரைகூட அப்படியே இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவது உண்டு. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் படலம் தானாகக் கழன்று போகும், அப்புறம் முன்னைவிடப் பெரிதாக விரியும். அது முடியும்வரை தொடாதீர்கள். புதிதாக வாங்கியதையும் தொடாதீர்கள். வெட்டிய மறுநாள் ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால், ஊருக்குப் போய்விட்டு வந்து வெட்டுங்கள்.

தண்ணீர் ஒரே நிலையில் இருக்க வேண்டும். உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25-26 டிகிரி, காரத்தன்மை அதற்கான டிகேஎச் அலகில் 8-9. எண் எவ்வளவு என்பதைவிட, அது ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். இங்கே அறை வெப்பமே 30 டிகிரி என்பதால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் சரியாக ஓடுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நைட்ரேட் சுத்தமாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். லெதர் கொஞ்சம் சத்துள்ள தண்ணீரில்தான் செழிக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: கல்லோடு தூக்கி வேறு மூலையில் வைத்தால் பிரச்சினை தீருமா? தீரும் என்றால் அதைச் செய்யுங்கள். எனக்கு வேறு மூலையே இல்லை.

எடுத்து வைக்க வேண்டியவை

முந்தின நாளே 40 லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து, வெப்பத்தையும் உப்பையும் தொட்டியோடு ஒத்துப் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு இது ஐந்தில் ஒரு பங்கு மாற்ற வரும். ஆர்ஓ தண்ணீரில்தான் கலக்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் உண்டு, அது ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் சமாச்சாரம் அல்ல.

அப்புறம் புதிய கார்பன், தூசு போகக் கழுவியது. பழைய கார்பன் ஏற்கெனவே வயிறு நிறைந்து கிடக்கும், அதை நம்பாதீர்கள். புது பிளேடு அல்லது ஸ்கால்பெல். கையுறை, கண்ணை மறைக்கும் கண்ணாடி. கண்ணாடியைச் சொன்னால் சிரிப்பார்கள். லெதரை அழுத்தினால் ஊசியில் பீச்சுவதுபோல் தண்ணீர் முகத்தில் அடிக்கும், ஒரு தடவை பட்டால் சிரிப்பு நின்றுவிடும். பழைய வெட்டுப்பலகை ஒன்று, இனி அது சமையலறைக்குத் திரும்பப் போவதில்லை. தொட்டித் தண்ணீர் நிரப்பிய இரண்டு வாளி. பவளங்களுக்கென்று விற்கும் அயோடின் கரைசல். சாப்பாடு கட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் டப்பா இரண்டு, சுண்டைக்காய் முதல் நெல்லிக்காய் வரை அளவுள்ள உடைந்த பவளக்கற்கள், கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு.

வெட்டு

விளக்கு எரிந்து குடை விரிந்திருக்கும்போது எந்த இடத்தில் வெட்டுவது என்று பார்த்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குடையைக் கையால் மெல்லத் தடவினால் பாலிப்புகள் உள்ளே போய், குடை சுருங்கித் தண்ணீரை விட்டுவிடும். பவளம் ஒட்டியிருக்கும் கல் எடுக்க வரும் என்றால் கல்லோடு வாளிக்கு மாற்றுங்கள். காற்றில் சில நிமிடம் இருப்பதால் ஒன்றும் ஆகாது. கல் அடியில் மாட்டிக்கொண்டிருந்தால் வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு உள்ளேயே தண்டை அறுக்க வேண்டியதுதான். அப்போது இன்னொருவர் பக்கத்தில் குழாய் பிடித்து, வெட்டும் இடத்துத் தண்ணீரை உறிஞ்சி வெளியே வாளிக்கு விட வேண்டும். சாறு தொட்டியில் பரவுவதற்குள் பாதி வெளியே போய்விடும். என் வீட்டில் குழாய் பிடிக்கும் பொறுப்பு மகளுடையது.

எங்கே வெட்டுவது? இரண்டு வழி உண்டு. குடையின் ஓரத்தை மட்டும் தோசையைப் பிய்ப்பதுபோல் ஒரு வளையமாக எடுக்கலாம். அல்லது குடை முழுவதையும் தண்டிலிருந்து எடுத்துவிடலாம். ஓரம் மட்டும் எடுத்தால் தொட்டியின் தோற்றம் கெடாது. ஆனால் வெட்டிய விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு குப்பையைப் பிடித்து வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தண்டு 5 செ.மீ.க்கு மேல் உயரமாக இருந்தால் குடையை முழுதாக எடுப்பதையே சொல்வேன். பார்க்க மொட்டைக் கட்டையாக நிற்கும், ஆனால் ஒரே சீரான வெட்டு சீக்கிரம் ஆறும். கல்லிலிருந்து 3-4 செ.மீ. தண்டையாவது விட்டுவையுங்கள்.

இடது கையால் குடையைப் பிடித்துக்கொண்டு, பிளேடைப் படுக்கையாக வைத்து ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். கணவாய் அறுப்பது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே மணல் கலந்ததுபோல் நறநறக்கும். அதுதான் நான் சொன்ன சுண்ணாம்பு முள். மொட்டை பிளேடை வைத்து ராவாதீர்கள், நசுங்கின சதையில்தான் அழுகல் ஆரம்பிக்கும். வெட்டிய உடனே கவிச்சியும் மருந்து நெடியும் கலந்த ஒரு வாடை வரும். வாளித் தண்ணீர் மங்கும். பதற்றம் வேண்டாம், இதற்காகத்தான் வாளியில் வைத்து வெட்டினோம்.

இப்போது குடையைப் பலகையில் விரித்து 3 செ.மீ. சதுரமாகவோ முக்கோணமாகவோ துண்டு போடுங்கள். அதைவிடச் சிறிதாக்கினால் பிழைக்கும், ஆனால் ஒட்டவைப்பது தலைவலி. 30 செ.மீ. குடையில் ஐம்பது துண்டுக்கு மேல் கிடைக்கும். அவ்வளவையும் எங்கே வைப்பீர்கள்? பத்து துண்டு போதும். மிச்சத்தை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

துண்டுகளையும் தண்டையும் இரண்டாவது வாளியில் நன்றாக அலசிக் கோழையைப் போக்குங்கள். பிறகு ஒரு டப்பாவில் தொட்டித் தண்ணீர் எடுத்து, புட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு அயோடின் விடுங்கள். தண்ணீர் பால் விடாத இளந்தேநீர் நிறத்துக்கு வரும். பத்து நிமிடம் ஊறினால் போதும். வாளித் தண்ணீரையும் அயோடின் தண்ணீரையும் கழிப்பறையில் கொட்டுங்கள். ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குத் திரும்ப வேண்டாம்.

ஒட்டவைக்கும் கலை

நான் தோற்ற இடம் இது. லெதரின் உடம்பில் எப்போதும் கோழை ஊறிக்கொண்டே இருக்கும். சூப்பர் குளூ அந்தக் கோழையில்தான் ஒட்டுகிறது, சதையில் அல்ல. அன்று இரவே கோழை கழன்றால் துண்டும் கழன்றுவிடும். பசையால் கல்லையும் கல்லையும் ஒட்டலாம். சதையைக் கல்லில் ஒட்டும் வேலையைச் சதைக்கே விட்டுவிட வேண்டும்.

சுலபமான வழி டப்பா. அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கற்களைப் பரப்புங்கள். துண்டுகளைப் பாலிப் பக்கம் மேலே, வெட்டிய சதைப் பக்கம் கீழே கல்லில் படும்படி வையுங்கள். எது மேல்பக்கம் என்று குழப்பமாக இருந்தால் விரலால் தடவுங்கள்: பாலிப் பக்கம் புள்ளி புள்ளியாக இருக்கும், கீழ்ப்பக்கம் வழவழப்பாக இருக்கும். துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. மேலே கொசுவலையைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டித் தொட்டியின் மிதமான வெளிச்சத்தில் வையுங்கள். டப்பாவின் பக்கங்களில் சில துளைகள் போட்டிருக்க வேண்டும். ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்றால், அறையின் அந்தக் கோடியில் சுற்றும் விசிறியின் காற்று உங்கள் மேல் படுவதுபோல். பலமாக இருந்தால் துண்டு புரண்டுகொண்டே இருக்கும், ஒட்டாது. ஓட்டமே இல்லாவிட்டால் கோழை தேங்கி அழுகும்.

பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கல்லைப் பிடிக்கும் என்பது அதன் இஷ்டம். பிறகு அந்தச் சின்னக் கல்லின் அடியில் ஜெல் வகைப் பசை வைத்து, வேண்டிய பாறையிலோ, துண்டு ஒட்டுவதற்கென்றே உள்ள குட்டிப் பீடமான பிராக் பிளக்கிலோ ஒட்டிவிடுங்கள். இது கழலாது.

தண்டோடு சேர்ந்த தடித்த துண்டுகளுக்கு இன்னொரு வழி: பல்குச்சியைச் சதையில் குறுக்காகக் குத்தி, இரண்டு முனையையும் பிளக்கோடு சேர்த்து ரப்பர் பேண்டால் பிணைப்பது. ரப்பர் பேண்டு குச்சியைத்தான் அழுத்த வேண்டும், சதையை அல்ல. சதைமேல் இறுக்கினால் இரண்டே நாளில் கம்பி வைத்து வெண்ணெய் அறுத்ததுபோல் அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தூண்டில் நரம்பை ஊசியில் கோத்துத் தைப்பவர்களும் உண்டு. எனக்குத் தையல் கைவரவில்லை.

பிளேடே வேண்டாம் என்பவர்களுக்கு உண்மையான பதியமும் இருக்கிறது. தண்டின் நடுவில் ஒரு நரம்பைக் கட்டி, சில நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்தால் மேல்பகுதி மெல்லப் பிரியும். பொறுமை வேண்டும். சில சமயம் லெதர் தானாகவே அடித்தண்டில் குட்டி போடும். அதைக் கிள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த மூன்று வாரம்

வெட்டி முடித்த அன்றே, பவளம் தொட்டிக்குத் திரும்பிய உடனே கலந்து வைத்த 40 லிட்டரை மாற்றிவிட்டுக் கார்பனைப் போடுங்கள். ஸ்கிம்மரின் நுரை மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல் தரை துடைக்க வேண்டி வரும். மூன்று நான்கு நாள் கழித்துக் கார்பனை மாற்றுங்கள். முதல் வாரம் தினமும் பெரிய சொட்டுக்குழாயால் துண்டுகளின் மேல் மெல்லத் தண்ணீர் பீச்சிக் கோழையைக் கலைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள் துண்டுகளைப் பார்க்க மனசு கேட்காது. காய்ந்த திராட்சைபோல் சுருங்கி, நிறம் மங்கிக் கிடக்கும். தண்டு இன்னும் மோசம்: தலையை உள்ளே இழுத்த ஆமைபோல் இருக்கும். அதற்காக இடம் மாற்றாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் ஆகும்போது வெட்டிய இடம் மூடி விளிம்பு உருண்டையாகியிருக்கும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் ஒரு துண்டின் மேல் நாலைந்து பாலிப் மட்டும் எட்டிப் பார்க்கும்.

எது பிழைக்காது என்பதை மூக்கே சொல்லிவிடும். சுருங்கியிருந்தாலும் தொட்டால் கெட்டியாக இருந்தால் நல்லது. கூழாகி, பழுப்பு நிறத்தில் நூலாகப் பிரிந்து, வெளியே எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதை அப்போதே எடுத்துவிடுங்கள். ஒரு துண்டின் அழுகல் பக்கத்துத் துண்டுக்குப் பரவும். தண்டின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அழுகியிருந்தால், நல்ல சதை வரும்வரை மறுபடி சீவி, மறுபடி அயோடினில் முக்கி வைக்கலாம்.

மிஞ்சிய துண்டுகள்

நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் கல்லில் பிடித்து, பாலிப் விரிந்த பிறகு கொடுங்கள். வெட்டிய சூட்டில் கொடுத்தால் அவர் தொட்டியில் சாறு இறங்கும், பழி உங்கள்மேல் வரும். இரட்டைப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. பையை வெயில் படாத தெர்மோகோல் பெட்டியில் வைத்துவிட்டால் சில மணி நேரப் பயணம் தாங்கும்.

விமானத்தில் ஊருக்கு ஒரு துண்டு எடுத்துப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். உயிருள்ள பிராணியை அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோவது எந்த நாட்டிலும் வம்புதான். இந்தியாவில் விஷயம் இன்னும் கடுமை. பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றை 2001-இலேயே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கல்லைத் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று பையில் போட்டுக்கொள்வதும் தப்புதான்.

வேண்டாத துண்டைக் கடலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. வெனிசுவேலாவின் மோச்சிமா கடற்கரையில் ஊனோமியா என்ற இந்தோ-பசிபிக் மென்பவளம், மீன்தொட்டி வணிகம் வழியாக வந்து சேர்ந்ததாகக் கருதப்படுவது, அங்கிருந்த பவளப் பாறைகளின்மேல் போர்வைபோல் படர்ந்துவிட்டது. அதுவும் நம் லெதரைப்போல் துண்டு துண்டாகப் பெருகும் சாதிதான். யாருக்கும் வேண்டாத துண்டுகளை நான் பையில் கட்டி இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுகிறேன். உறைபெட்டியில் வைக்கும்போது பையின்மேல் பெரிதாக எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் கணவாய் என்று நினைத்து ஒரு தடவை வெளியே எடுத்துவிட்டார்கள்.

வெட்டிய கட்டையில் இரண்டாவது மாதம் குட்டிக் குடை வந்தது. ஒன்று அல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. இப்போது விளிம்புக்கும் ஹாமருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி குறைகிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடியின் வெளிப்பக்கம் கையை வைத்து அளக்கிறேன். குறைந்தால் அந்த வாரமே 40 லிட்டர் உப்புத் தண்ணீர் கலக்கத் தொடங்கிவிடுவேன்.